கை மடக்கும் போட்டியும் நமது மணிக்கட்டும்

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி என்றால் நமது தோட்டங்களில் கயிறு இழுத்தல், முட்டி உடைத்தல், வழுக்கு மரம் என்று தான் முன்பு இருந்தது. இப்போது கை மடக்கும் போட்டியும் அதில் சேர்ந்துவிட்டது. பந்து வேண்டாம், மைதானம் வேண்டாம். ஒரு மேசையும் இரண்டு ஆளும் இருந்தால் போதும். லயத்து வாசலில், கோயில் திண்ணையில், மழைக்கு ஒதுங்கிய கொழுந்து மடுவத்தில் கூட இளைஞர்கள் கையைக் கோத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நாம் இதை வேண்டாமென்று சொல்ல வரவில்லை. ஆனால் கொஞ்ச காலத்திற்கு முன் நம் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு தோட்டத்தில் புத்தாண்டுப் போட்டி நடந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்தவர் கவ்வாத்து ஆட்களில் கெட்டிக்காரர். வயது இருபத்திரண்டு. எதிரில் உட்கார்ந்தவர் டவுனில் மூட்டை தூக்குபவர். இரண்டு பேருமே விட்டுக் கொடுக்கவில்லை. ஒரு நிமிடம் போல கை நடுவிலேயே நின்றது. கவ்வாத்துக்காரத் தம்பி, முழு உடம்பின் பாரத்தையும் போட்டுவிடலாம் என்று நினைத்து, முகத்தை மறுபக்கம் திருப்பி, தோளை முன்னால் தள்ளினார். "டக்" என்று ஒரு சத்தம். காய்ந்த தேயிலை மிலாறை முறித்த மாதிரி சத்தம். கை தட்டிக்கொண்டிருந்த சனம் அப்படியே நின்றுவிட்டது.

முறிந்தது முழங்கையோ மணிக்கட்டோ அல்ல. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவிலுள்ள பெரிய எலும்பு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது எலும்பு சுருள் சுருளாகப் பிளந்திருந்தது. அதைவிட வீட்டாரைப் பயமுறுத்தியது, மணிக்கட்டு தொங்கிப் போனது தான். விரலைத் தூக்கு என்றால் தூக்க முடியவில்லை. "சேர், மகன் கை இனி கத்தி பிடிக்குமா?" என்று அம்மா நம்மிடம் கேட்டார். அந்த நேரம் நமக்கும் பதில் தெரியவில்லை.

கை திரும்பவும் தூக்க நான்கு மாதம் பிடித்தது. அந்த நான்கு மாதமும் பேர் இல்லை. அம்மாவின் கொழுந்துக் காசில் தான் வீடு ஓடியது. அம்மாவுக்கும் இராத்திரியில் கை மரத்துப் போகிற வியாதி. அதைப் பற்றிப் பிறகு வருகிறோம்.

அவ்வளவு பலமான கை எப்படி முறிந்தது?

எல்லோரும் இதைத் தான் கேட்டார்கள். சிலர் கண்பட்டுவிட்டது என்றார்கள். டொக்டர் சொன்ன காரணம் வேறு. ஈரத் துணியைப் பிழிகிறோம் அல்லவா? ஒரு கை ஒரு பக்கம் முறுக்கும், மறு கை மறு பக்கம் முறுக்கும். முகத்தையும் நெஞ்சையும் கையை விட்டு அப்பால் திருப்பினால், தோளிலும் நெஞ்சிலும் உள்ள பெரிய தசைகள் அந்த எலும்பை உள்பக்கம் முறுக்குகின்றன. எதிராளி உள்ளங்கையைப் பிடித்து வெளிப்பக்கம் முறுக்குகிறார். நடுவில் மாட்டிக் கொண்ட எலும்பு துணி மாதிரி பிழியப்படுகிறது. அது துணியல்லவே, பிளந்துவிடுகிறது. மணிக்கட்டைத் தூக்கச் சொல்லும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றிக்கொண்டு தான் கீழே இறங்குகிறது. எலும்பு முறியும்போது நரம்பும் நசுங்கினால் கை தொங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் இது திரும்பி வருகிறது.

ஆகவே, பலமில்லாதவன் கை தான் முறியும் என்று எண்ணக் கூடாது. தசை எவ்வளவு பலமோ அவ்வளவுக்கு முறுக்கும் அதிகம். உலகப் போட்டிகளில் நடுவர் இந்த நிலையைக் கண்டதும் "அபாயம்" என்று போட்டியாளரை எச்சரிப்பது வழக்கம். நமது போட்டிகளில் நடுவராக நிற்பவர் கணக்குப்பிள்ளையோ, கழகத் தலைவரோ தான். அவருக்கு இது தெரியாது. நமக்கும் அன்றைக்குத் தெரியாது.

கைக்குள் என்ன இருக்கிறது?

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. உங்கள் வலது கையின் முழங்கைக்குக் கீழே இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது விரல்களை மூடித் திறந்து பாருங்கள். உள்ளே எலி ஓடுகிற மாதிரி அசையும். தசை அங்கே இருக்கிறது. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டில் ஒரு ஒடுக்கமான குகை உண்டு. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அந்தக் குகைக்குள்ளால் தான் போக வேண்டும். பிரட்டுக்கு நேரமாகிவிட்டால் எல்லோரும் ஒரே ஒற்றையடிப் பாதையில் நெருக்கிக்கொண்டு போகிற மாதிரி.

இன்னுமொரு சோதனை. ஒரு பென்சிலை இறுக்கிப் பிடியுங்கள். வேறொருவரை உங்கள் மணிக்கட்டை உள்பக்கமாக, உள்ளங்கை முன்கையை நோக்கி வருமாறு முழுக்க மடக்கச் சொல்லுங்கள். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பிடி தளர்ந்துவிடும். மணிக்கட்டு நேராகவோ கொஞ்சம் பின்னால் சாய்ந்தோ இருக்கும்போது தான் விரல்களுக்குப் பலம் அதிகம். இந்த ஒரு விஷயத்தில் பாதிப் பாடம் அடங்கிவிடுகிறது. கை மடக்கும்போது எதிராளியின் மணிக்கட்டு யாருக்கு வசப்படுகிறதோ அவர் பக்கம் தான் வெற்றி. புஜம் பெருத்தவர்கள் ஒல்லியானவர்களிடம் தோற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் இரகசியம் மணிக்கட்டும் முன்கையும் தான்.

அமெரிக்காவில் ஜோன் பிரசெங்க் என்று ஒருவர் இருக்கிறார். பல வருடங்கள் உலகத்திலேயே இந்த விளையாட்டில் முதல் ஆளாக மதிக்கப்பட்டவர். தொழிலால் விமானம் பழுது பார்க்கும் மெக்கானிக். 1986இல் நடந்த ஒரு பெரிய போட்டியில் ஒரு பார லொறியையே பரிசாக வென்றார். அந்தப் போட்டியை வைத்து எடுத்த சில்வெஸ்டர் ஸ்டலோனின் படம் 1987இல் வந்தது. நம்மில் சிலர் வீடியோ கடை காலத்தில் அதைப் பார்த்திருக்கலாம். பிரசெங்க் தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களை எல்லாம் மடக்கியவர். ஸ்பேனர் பிடிக்கிற கை. கத்தி பிடிக்கிற கைக்கும் முள்ளு பிடிக்கிற கைக்கும் அது தூரத்து உறவு தானே.

பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை

வீட்டில் ஒரு வாளி, ஒரு சுத்தியல், ஒரு விளக்குமாற்றுக் கட்டை, பழைய சைக்கிள் டியூப் இருந்தால் போதுமானது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே வாளி தான் நமது தராசு.

முதலாவது வாளிப் பயிற்சி. பெஞ்சில் உட்கார்ந்து, முன்கையைத் தொடை மேல் வைத்து, உள்ளங்கை வானத்தைப் பார்க்க, மணிக்கட்டு முழங்காலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். வாளியின் பிடி விரல்களில் தொங்கட்டும். முதலில் இரண்டு லீற்றர் போதும், பெண்கள் ஒரு லீற்றர். விரலின் நுனி வரைக்கும் பிடியை உருள விட்டு, பிறகு விரலை மூடி, மணிக்கட்டை மேலே மடக்குங்கள். ஏறும்போது இரண்டு எண்ணுங்கள். இறங்கும்போது நான்கு எண்ணுங்கள். இறங்குவதில் தான் அவசரப்படுகிறார்கள், பலம் வருவதும் அதில் தான். பதினைந்து தடவை செய்து, ஒன்றரை நிமிடம் ஆறி, இப்படி மூன்று சுற்று.

அடுத்து உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து அதே மாதிரி. இதற்குப் பாதித் தண்ணீர் தான். இந்தப் பக்கத்துத் தசைகள் சின்னவை. ஒரு பக்கத்தை மட்டும் வளர்த்து மறுபக்கத்தை விட்டால், முழங்கையின் வெளிப்புற எலும்பில் வலி பிடிக்கும். அந்த வலி வந்தால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்குவதே பாடாகிவிடும்.

மூன்றாவது சுத்தியல். இதை நாம் மிகவும் சிபாரிசு செய்கிறோம், ஏனென்றால் கை மடக்கில் உள்ளங்கையைக் கீழ்ப்பக்கம் புரட்டும் பலம் அதிகம் வேண்டும். மேசையில் முன்கையை வைத்து, சுத்தியலின் கட்டையைப் பிடித்து, தலைப்பக்கம் மேலே நிற்க, மெதுவாக இடப்பக்கம் சாய்த்து நிமிர்த்துங்கள், பிறகு வலப்பக்கம் சாய்த்து நிமிர்த்துங்கள். பாரம் கூட்ட வேறு சுத்தியல் வாங்க வேண்டாம். ஒரு அங்குலம் கீழே தள்ளிப் பிடித்தால் அதே சுத்தியல் பாரமாகிவிடும். ஒரு பொடியன் இதைக் கேட்டுவிட்டு மம்பட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். மணிக்கட்டு சுளுக்கி இரண்டு கிழமை கையில் துணி கட்டிக்கொண்டு திரிந்தான். சுத்தியலே போதும், தம்பிமாரே.

நான்காவது கட்டையில் கயிறு சுருட்டுவது. ஒன்றரை அடிக் கட்டையின் நடுவில் மூன்று அடிக் கயிற்றைக் கட்டி, நுனியில் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் மாறி மாறிச் சுருட்டி மேலே கொண்டு வந்து, அதே மாதிரிச் சுருட்டி இறக்க வேண்டும். மூன்று தடவையிலேயே முன்கை தீப்பிடித்த மாதிரி இருக்கும். எரிச்சல் இருந்தால் பரவாயில்லை. குத்துகிற வலி வந்தால் நிறுத்த வேண்டும்.

கை மடக்கில் மணிக்கட்டு அதிகம் அசைவதில்லை. மடக்கியபடியே அசையாமல் நிற்கத் தான் பலம் வேண்டும். ஆகவே வாளிப் பிடியில் ஒரு துவாயைச் சுற்றித் தடிப்பாக்கி, மணிக்கட்டை உள்ளே கொஞ்சம் மடக்கியபடி இருபது எண்ணும் வரை அப்படியே வைத்திருக்கவும் பழக வேண்டும்.

கடைசியாக சைக்கிள் டியூப். அரை அங்குல அகலத்தில் ஒரு வளையம் வெட்டி, ஐந்து விரல் நுனியிலும் மாட்டி, விரித்து மூடுங்கள், முப்பது தடவை. நாள் முழுக்க நாம் விரலை மூடுகிற வேலையைத் தான் செய்கிறோம். விரிக்கிற தசைக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை. இதை அடுப்படியில் சோறு கொதிக்கும்வரை செய்யலாம்.

கிழமைக்கு இரண்டு நாள் போதும். இங்கே தான் நமது இளைஞர்கள் பிழை விடுகிறார்கள். தசைக்குச் சில கிழமைகளில் பலம் வந்துவிடும். தசைநாண் பலப்பட மாதக் கணக்கு வேண்டும். ஆறாவது கிழமையில் புஜம் திரண்டதும் "இப்ப யாரு வேணும்னாலும் வாங்கடா" என்று மேசையில் உட்கார்ந்தால், பலப்படாத தசைநாண் தான் அடி வாங்கும். முதல் இரண்டு மாதமாவது முழுப் பலத்துடன் போட்டி வேண்டாம். கூட்டாளியோடு பாதிப் பலத்தில் பழகலாம். தண்ணீரைக் கால் லீற்றர் கால் லீற்றராகக் கூட்டுங்கள்.

கவ்வாத்து வெட்டிய நாளிலும் முள்ளுக் குத்திய நாளிலும் மாலையில் இந்தப் பயிற்சி எதுவும் செய்யக் கூடாது. அன்றைக்கு மலையிலேயே பயிற்சி முடிந்துவிட்டது. ஞாயிறும், வேலை இலேசான நாளும் நல்லது.

மேசையில் உட்காரும்போது

கட்டை விரல் மூட்டு வெளியே தெரியும்படி பிடி இருக்க வேண்டும். முழங்கை மேசையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் பிழை, இரண்டு பிழை வந்தால் தோல்வி என்பது பெரிய போட்டிகளின் ஒழுங்கு. பிடி வழுக்கினால் இரண்டு கையையும் நாடாவால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள்.

பிடிகளில் முக்கியமாக இரண்டு வகை. எதிராளியின் விரல் நுனியை நோக்கி மேலே ஏறி, அவருடைய மணிக்கட்டைப் பின்னால் சாய்ப்பது ஒன்று. இதை டொப் ரோல் என்பார்கள். கை நீளமானவர்களுக்கு இது கைகொடுக்கும். மற்றது ஹுக். இருவரும் மணிக்கட்டை உள்ளே மடக்கிக் கொக்கி போட்டு இழுப்பது. இதற்கு மடக்கும் பலமும் புஜப் பலமும் வேண்டும். எதுவானாலும் கையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளவேண்டும். கை தூரப் போனால் பலம் போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிய ஒழுங்கு இது தான். உங்கள் கண் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளின் தோள் அப்படிச் சுலபத்தில் திரும்பிவிடாது. கை போகும் பக்கம் உடம்பும் சேர்ந்து போகட்டும். கை பின்னால் சாய்ந்து, தோள் முன்னால் போய்விட்டதென்று தெரிந்தால் அந்த இடத்திலேயே விட்டுக்கொடுத்துவிட வேண்டும். போவது ஒரு பிளாஸ்டிக் பேசினும் ஒரு கைதட்டலும் தான்.

குடித்தவரை மேசைக்கு விடவே கூடாது. வலி தெரியாத ஆளுக்கு நிறுத்தவும் தெரியாது.

பதின்மூன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வயதில் முழங்கையின் உட்புற எலும்புத் துண்டு இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. மணிக்கட்டை மடக்கும் தசைகள் அந்த இடத்தில் தான் பிடித்திருக்கின்றன. பலமாக இழுத்தால் துண்டு பெயர்ந்து வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பெரியவர்களோடு உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பதை மாமா, சித்தப்பாமார் நிறுத்த வேண்டும். அவர்களுக்கு டியூப் வளையமும் அரைப் போத்தல் தண்ணீரும் போதும்.

பிழையாகப் போய்விட்டால் கையை இழுக்கவோ, எண்ணெய் போட்டு உருவவோ வேண்டாம். வளையல், மோதிரம், கடிகாரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. ஒரு சேலைத் துண்டால் கையைத் தொட்டில் மாதிரி தூக்கி, இன்னொரு துண்டால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். மணிக்கட்டைத் தூக்க முடிகிறதா, விரல் மரத்திருக்கிறதா என்று பார்த்து டொக்டரிடம் சொல்லுங்கள். முறிவு வைத்தியரிடம் போகிறவர்களும் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள்.

கொழுந்து பறிக்கும் கைகளுக்கு

இந்தப் பயிற்சிகளைக் கழக அறையில் காட்டியபோது ஜன்னல் பக்கம் நின்ற ஒரு அக்கா, "அவுங்க விளையாட்டுக்குக் கேக்குறாங்க, எங்க கை வலிக்கு ஒன்னும் இல்லியா சேர்?" என்றார். நியாயமான கேள்வி. நாம் முதலிலேயே அவர்களை அழைத்திருக்க வேண்டும்.

பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை கிள்ளுகின்றன. மணிக்கட்டுக் குகைக்குள் தசைநாண்கள் வீங்கினால் கூடவே போகும் நரம்பு நசுங்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை இரவில் மரத்து விறைக்கும். கையை உதறினால் கொஞ்சம் சுகம். கர்ப்பமான பெண்களுக்கும் இது வரும். சுண்டுவிரல் மரப்பதில்லை என்பது அடையாளம். நாம் முன்பு சொன்ன அந்த அம்மாவுக்கு இருந்தது இது தான். ஐந்து வருடமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மகனின் கையைக் காட்டப் போன கிளினிக்கில் தான் தன் கையையும் காட்டினார். இரவில் மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கப் பட்டி போடச் சொன்னார்கள். மரப்பு குறைந்தது. அப்படியும் குறையாதவர்களுக்குச் சின்ன சத்திரசிகிச்சை இருக்கிறது. பெருவிரலின் அடிச் சதை வற்றிப்போகும் வரை பொறுத்திருக்கக் கூடாது.

மரப்பு உள்ளவர்கள் வாளிப் பயிற்சி செய்ய வேண்டாம். முதலில் டிஸ்பென்சரி. மரப்பு இல்லாமல் வெறும் அலுப்பு உள்ளவர்களுக்கு டியூப் வளையம், ஒரு லீற்றர் வாளி, மாலையில் உள்ளங்கையை முன்னால் நீட்டி மறு கையால் விரல்களை மெதுவாகப் பின்னால் இழுத்து இருபது எண்ணுவது, இவை நல்லது.

சாப்பாட்டையும் ஒரு வரி சொல்லிவிடுகிறோம். பலத்துக்கு மாவு ரொட்டி மட்டும் போதாது. பயறு, கடலை, பருப்பு, முட்டை, நெத்தலி, எது வாய்க்கிறதோ அது வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாயத் தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது நமக்கே சிரிப்பாகத் தான் இருக்கிறது.

முறிந்த கைத் தம்பி இப்போது திரும்பவும் மலைக்குப் போகிறார். சென்ற புத்தாண்டில் மேசையில் உட்காரவில்லை, பக்கத்தில் நடுவராக நின்றார். யாராவது முகத்தைத் திருப்பினால் "கையப் பாரு, கையப் பாரு" என்று கத்திக்கொண்டே இருந்தார். பெண்களுக்கான போட்டியும் அன்று முதல் தடவை நடந்தது. அதில் வென்றது யார் என்று அவருடைய வீட்டில் பேசிக்கொள்வதாகக் கேள்வி.